தண்ணீர் ஊற்றியே கொன்ற கதை

என் முதல் தோட்டம் 23 நாள் உயிரோடு இருந்தது. மொத்தம் 11 தொட்டி. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, புதினா, ஒரு ரோஜா, அப்புறம் பெயர்கூடத் தெரியாமல் இலை அழகாக இருக்கிறதே என்று தூக்கிக்கொண்டு வந்த சில. எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வாங்கி, அன்றைக்கே நட்டு, சாயங்காலம் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தேன். அனுப்பியிருக்கக் கூடாது. மூன்று வாரம் கழித்து "செடியெல்லாம் எப்படி இருக்கு?" என்று யார் கேட்டாலும் பேச்சை மாற்ற வேண்டியதாகிவிட்டது.

பூச்சி தின்று சாகவில்லை, வெயிலில் கருகவும் இல்லை. தண்ணீர் ஊற்றி ஊற்றி நானே கொன்றேன். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, வேலை முடிந்து வந்ததும் ஒரு தடவை, நடுவில் எந்த இலையாவது லேசாகத் துவண்டால் அதற்குத் தனியாக ஒரு சொம்பு. துவண்ட இலையைப் பார்த்தால் தாகம் என்றுதானே தோன்றும்? ஊற்றினேன். மறுநாள் இன்னும் துவண்டது, இன்னும் ஊற்றினேன். கடைசியில் தக்காளியைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகியிருந்தது. இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தேன், மேல்தோல் உறை கழல்வதுபோல வழுக்கிக் கையோடு வந்துவிட்டது, மிச்சமிருந்தது தலைமுடி கனத்தில் ஒரு நார். மண்ணில் சாக்கடை வாடை. பக்கத்தில் நின்ற அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அது என்ன மீனாடா, தண்ணியிலயே போட்டு வெச்சிருக்க?"

செடி ஆக்ஸிஜனை வெளியே விடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நம்மில் பலர் நிறுத்திவிடுகிறோம். மண்ணுக்குள் இருட்டில் கிடக்கும் வேர் நம்மைப் போலவே ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடுகிறது என்பது அப்போது என் மண்டையில் இல்லவே இல்லை. மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் சின்னச் சின்ன இடுக்குகளில் காற்று இருக்க வேண்டும். அங்கே எந்நேரமும் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத் திணறிச் சாகும், செத்த வேரில் அழுகல் கிருமி ஏறும், வேர் போனபிறகு தண்ணீரை இழுத்து மேலே அனுப்ப ஆள் கிடையாது, அதனால் இலை துவளும். ஆக, தண்ணீரில் மூழ்கிக்கிடக்கும் செடியும் தண்ணீரே இல்லாமல் வாடும் செடியும் மேலே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். நான் ஏமாந்தது இங்கேதான்.

இப்போதெல்லாம் சொம்பை எடுக்கும் முன் விரலை விட்டுப் பார்க்கிறேன். மேல்மண் காய்ந்திருப்பது ஒரு கணக்கே இல்லை, அது ஒரு மணி நேர வெயிலில் காய்ந்துவிடும். 2 அங்குலம் உள்ளே ஈரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சின்னத் தொட்டி என்றால் இன்னும் சுலபம், தூக்கிப் பார்த்தாலே போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ கனம், காய்ந்த தொட்டிக்கும் நனைந்த தொட்டிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். இன்னொன்று, பூசணி, கத்தரி மாதிரி அகல இலைச் செடிகள் உச்சி வெயிலில் சும்மாவே தொங்கும். வேர் இழுக்கும் வேகத்தைவிட இலையிலிருந்து ஆவியாகும் வேகம் அதிகம், அவ்வளவுதான். வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடும். விடிகாலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஊற்றுகிறபோது அடி ஓட்டையில் வழியும்வரை நிறைய ஊற்றிவிட்டு, அப்புறம் மண் கேட்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் மேல் ஒரு அங்குலம் மட்டும் நனையும், வேரும் அந்த ஒரு அங்குலத்திலேயே சோம்பிக் கிடக்கும்.

மதியத்தில் இலைமேல் தண்ணீர் பட்டால் துளி லென்ஸ் மாதிரி வேலை செய்து இலையைச் சுட்டுவிடும் என்று என்னிடம் சொல்லாதவர் கிடையாது. ஹங்கேரி ஆய்வாளர்கள் சிலர் இதைச் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள்: வழவழப்பான இலையில் அப்படி எதுவும் நடக்கவில்லை, துளியை இலைப்பரப்புக்கு மேலே தூக்கிப்பிடிக்கும் மயிர் உள்ள இலைகளில் மட்டும் சுட வாய்ப்பிருக்கிறது. காலையில் ஊற்றுவது நல்லது என்பது வேறு காரணத்துக்காக. ஆவியாகி வீணாவது குறைவு, இலையில் பட்டது சீக்கிரம் காய்ந்துவிடும், இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

சரி, இரண்டாவது தப்பு கல். தொட்டியின் அடியில் ஒரு கை உடைந்த ஓடோ ஜல்லியோ போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் எல்லாத் தொட்டிக்கும் 2 அங்குலம் போட்டேன். இது ஏன் வேலை செய்யாது என்று தெரிந்துகொள்ள ஒரு ஸ்பாஞ்ச் போதும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, படுக்கைவசமாகப் பிடியுங்கள். கொஞ்ச நேரம் சொட்டும், அப்புறம் நின்றுவிடும். இப்போது அதையே நெட்டுக்குத்தலாகத் திருப்புங்கள். மறுபடி சொட்ட ஆரம்பிக்கும்! யாரும் பிழியவில்லை, தண்ணீரும் சேர்க்கவில்லை. ஸ்பாஞ்சின் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மட்டும் தண்ணீர் இறங்காமல் நின்றுவிடும், அந்த உயரம் படுக்கவைத்தாலும் நிறுத்திவைத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தொட்டி மண்ணிலும் இதே கதை. நெருக்கமான மண்ணில் இருக்கும் தண்ணீர் அவ்வளவு சுலபத்தில் கல்லின் பெரிய இடைவெளிக்குள் இறங்காது, கல்லுக்கு மேலேயே தேங்கும். கல் போட்டதால் சொதசொதப்பான அந்த அடுக்கு 2 அங்குலம் மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்ததுதான் மிச்சம். ஓட்டையை மண் அடைக்காமல் இருக்க ஒரு துண்டு வலையோ ஒரே ஒரு வளைந்த ஓட்டுச் சில்லோ போதும். தட்டையான தொட்டியைவிட உயரமான தொட்டியில் வேர் நிம்மதியாக இருப்பதும் இதனால்தான்.

தொட்டிக்குள் வெறும் தோட்டத்து மண்ணை நிரப்பியது மூன்றாவது. தரையில் மண்புழுவும் ஆழமும் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தொட்டியில் யார் செய்வது? நாலு தடவை தண்ணீர் ஊற்றியதும் இறுகிச் செங்கல்லாகிவிடும். நான் இப்போது கலப்பது மண், நன்றாக மட்கிய உரம், தென்னை நார்க்கழிவு, மூன்றும் சம பங்கு. களிமண்ணாக இருந்தால் கொஞ்சம் கரடுமுரடான மணல். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்த தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் கொட்டாதீர்கள், அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து நனைத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினால் பொலபொலவென உதிர வேண்டும். மொட்டை மாடியில் வைப்பவர்கள் கனத்தையும் யோசிக்க வேண்டும். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள ஒரு பையில் சுமார் 20 லிட்டர் பிடிக்கும், அதில் வெறும் மண்ணைப் போட்டு நனைத்தால் 30 கிலோ. இருபது பை வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இடம் பற்றி. என் 11 தொட்டிகளும் சுவரோரம் இருந்தன, காரணம் அங்கே வைத்தால் நடக்க இடைஞ்சல் இல்லை. செடிக்கு அங்கே வெயில் வருகிறதா என்று நான் பார்க்கவே இல்லை. 'நல்ல வெளிச்சமான இடம்தானே' என்று நினைத்துக்கொண்டேன். நம் கண் ஒரு மோசடிக்காரன், குறைந்த வெளிச்சத்துக்கும் உடனே பழகிக்கொண்டு பிரகாசமாகத்தான் இருக்கிறது என்று சாதிக்கும். இரண்டாவது தடவை தொடங்கும் முன் ஒரு விடுமுறை நாள் முழுக்கத் தாளும் பேனாவுமாக ஒவ்வொரு மணிக்கும் போய் எங்கே வெயில் விழுகிறது என்று குறித்தேன். என் செல்லச் சுவரோரத்துக்கு நேர் வெயில் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். காய் காய்க்கும் செடிகளுக்குக் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும், கீரை வகைகள் 3, 4 மணி நேரத்தில் சமாளித்துவிடும். இந்த ஒருநாள் வேலையைச் செய்துவிட்டுத் தொட்டி வாங்கப் போயிருந்தால் பாதிச் செடியை வாங்கியிருக்கவே மாட்டேன். ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு தடவை குறிக்க வேண்டும், சூரியன் போகும் பாதை மாறியிருக்கும், அன்று வெயில் விழுந்த மூலையில் இன்று பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழலாம்.

இரண்டாவது முறை ஒரே ஒரு தொட்டிதான். தண்டுக்கீரை. கேட்டவர்கள் சிரித்தார்கள், "கீரையா, அது தானா வளருமே." தானாக வளர்வது ஒன்றைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே 11 சாவு பார்த்தவன். கீரை விதை ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும், அப்படியே தூவினால் ஒரு மூலையில் மொத்தமாகக் கொட்டிவிடும், அதனால் காய்ந்த மணலோடு கலந்து தூவ வேண்டும். மேலே மண் போட்டு மூடக் கூடாது, சும்மா தூசிபோல ஒரு படலம். விதை எவ்வளவு பருமனோ அதில் இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது பொதுவான கணக்கு. அவரை ஒரு அங்குலம் உள்ளே போகலாம், கீரையை ஒரு அங்குலம் புதைத்தால் அது வெளிச்சத்தைப் பார்க்கும் முன்பே கையிருப்பைத் தின்று தீர்த்துவிடும்.

நாலாவது நாள் காலையில் போய்ப் பார்த்தால் மண்மேல் சிவப்பு நூல் துண்டுகளைத் தூவியதுபோல ஏதோ. குனிந்து பார்த்தேன், ஒவ்வொரு நூலின் நுனியிலும் இரண்டு பொடி இலை, சிலவற்றில் விதையின் கறுப்புத் தோல் இன்னும் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வேலைக்குத் தாமதம்.

அப்புறம் கலைக்க வேண்டும். இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை. நூறு முளைத்தால் எண்பதைப் பிடுங்கி எறிய வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. எல்லாம் இருக்கட்டும் என்று விட்டேன், எல்லாமே தீக்குச்சி கனத்தில் வெளிறி நீண்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு கலைத்தேன். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும், சின்னக் கத்தரிக்கோலால் தரையோடு வெட்டிவிடுவது நல்லது. நாலு விரல் இடைவெளி விட்டு நின்ற செடிகள் 25, 30 நாளில் முழங்கை உயரம் வந்தன. வேரோடு பிடுங்காமல் இரண்டு கணுவை விட்டு மேலே வெட்டினால் பக்கக் கிளை அடித்து மறுபடி தழைக்கும்.

அந்தத் தொட்டியில்தான் நான் மண்ணையும் தண்ணீரையும் படித்தேன் என்று சொல்ல வேண்டும். கீரைக்கு ஒரு மாதம்தான், தப்பு செய்தால் உடனே தெரிந்துவிடும், திருத்திக்கொண்டு அடுத்த மாதமே மறுபடி விதைக்கலாம். தக்காளியில் தப்பு செய்தால் அது தெரியவே இரண்டு மாதம் ஆகும். புதிதாகத் தொடங்கும் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன், ஆனால் கேட்பவர் எல்லோருக்கும் முதலில் தக்காளிதான் வேண்டும். எனக்கும் அப்படித்தானே இருந்தது.

நாற்று வளர்ப்பதில் ஒரு சோகம் உண்டு. குழித்தட்டில் மிளகாய் விதைத்து, எல்லாம் ஜம்மென்று முளைத்து, ஒருநாள் இரவு நன்றாக இருந்தவை மறுநாள் காலையில் கூண்டோடு சாய்ந்துகிடக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலால் கட்டி இறுக்கியதுபோல ஒடுங்கியிருக்கும். நாற்றழுகல் நோய் என்று பெயர், ஈரத்தில் செழிக்கும் கிருமிகளின் வேலை. வந்தபிறகு மருந்தில்லை. நெருக்கமில்லாமல் விதைத்து, காற்றாட விட்டு, மேலே தெளிக்காமல் தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டால் பெரும்பாலும் வராது. சன்னல் ஓரத்தில் வளர்த்த நாற்று வெளிச்சம் போதாமல் நெடுநெடுவென நீளும், அதை எடுத்து நேராக வெயிலில் வைத்தால் ஒரே நாளில் இலை வெள்ளையாக வெந்துவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று ஒரு வாரம் பத்து நாள் பழக்க வேண்டும். நான் ஒரே நாளில் வைத்து 14 நாற்றை இழந்தேன், அதைப்பற்றி அதிகம் பேச விரும்பவில்லை.

பழைய விதை முளைக்குமா என்று சந்தேகமாக இருந்தால் பத்தை எடுத்து ஈரத் துணியில் சுருட்டி ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். ஒரு வாரத்தில் எட்டு முளைத்தால் நல்ல விதை, நாலு முளைத்தால் இரண்டு மடங்கு தூவுங்கள். வெங்காய விதை ஒரு வருடத்திலேயே வீரியம் இழந்துவிடும், தக்காளி விதையை ஈரம் படாமல் வைத்தால் நாலைந்து வருடம் தாங்கும். எந்தத் தொட்டியில் எதை விதைத்தேன் என்பது நினைவிருக்கும் என்றும் நம்பாதீர்கள். எழுதி ஒட்டுங்கள். கத்தரி என்று நினைத்து இரண்டு மாதம் ஒரு களைச்செடிக்கு உரம் போட்டு வளர்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தக்காளிக்கு இப்போது வரலாம். நாற்றை நடும்போது கழுத்தளவு புதைக்கலாம், கீழிலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் முக்கால்வாசியை மண்ணுக்குள் விட்டால் அந்தத் தண்டு முழுக்க வேர் பிடிக்கும். நெடுநெடு நாற்றுக்கு இதுதான் மறுவாழ்வு. மற்ற எல்லாச் செடியிலும் இப்படிச் செய்துவிடாதீர்கள், தண்டு அழுகிவிடும். 15, 20 லிட்டர் பிடிக்கும் தொட்டி வேண்டும், மிளகாய்க்கு 10 லிட்டர் போதும். நட்ட அன்றே குச்சி ஊன்ற வேண்டும், செடி சாய்ந்தபிறகு ஊன்றினால் வேரைக் குத்துவோம்.

பூத்தது, காய் பிடித்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. காய் நெல்லிக்காய் அளவு தாண்டியதும் அடிப்பக்கத்தில் ஒரு கறுப்பு வட்டம். ஒரு காயில் இல்லை, ஒவ்வொரு காயிலும். தோல்போல உலர்ந்து உள்வாங்கிய வட்டம். கேட்டால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றார்கள். சரி என்று முட்டை ஓட்டை நொறுக்கி நொறுக்கிப் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. மாறாது. முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட ஆகும். அதைவிட முக்கியம், பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கத்தான் செய்யும். கால்சியம் தண்ணீரோடு சேர்ந்துதான் செடிக்குள் மேலே ஏறும், தண்ணீர் அதிகம் போவது இலைக்கு, காயின் நுனிக்குப் போய்ச் சேர்வது கடைசி மிச்சம். மண் ஒருநாள் வறண்டு ஒருநாள் ஊறி என்று இருந்தால் அந்த மிச்சமும் போகாது. அழுகலுக்குப் பயந்து நான் அப்போது மூன்று நாள் காயப்போட்டு ஒரேயடியாக ஊற்றிக்கொண்டிருந்தேன். அதாவது முதல் தடவை தண்ணீர் அதிகம், இந்தத் தடவை தண்ணீர் தாறுமாறு. காய்ந்த இலையை 2 அங்குலம் மூடாக்காகப் போட்டு, விரல் வைத்துப் பார்த்துச் சீராக ஊற்ற ஆரம்பித்ததும் அடுத்த கொத்தில் கறுப்பு இல்லை.

பூ மட்டும் வந்து உதிர்கிறது என்றால் பெரும்பாலும் வெப்பம். பகல் 35 டிகிரியைத் தாண்டினாலோ இரவு 13 டிகிரிக்குக் கீழே போனாலோ தக்காளி மகரந்தம் சரியாக வேலை செய்யாது. அதனால் எந்த மாதத்தில் நட வேண்டும் என்று நான் சொல்வதில் அர்த்தமில்லை, நீங்கள் இருக்கும் இடத்தில் அந்த வெப்பம் எப்போது என்று பார்த்துப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். தக்காளிப் பூவில் ஆண் பெண் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன, மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கும், அதிர்வு கொடுத்தால் உதிர்ந்து தானே பூவின் பெண் பாகமான சூல்முடியில் விழும். காற்று செய்யும், சில வகை வண்டுத்தேனீக்கள் பூவைக் கட்டிப்பிடித்து ரீங்காரித்துச் செய்யும். காற்றே வராத மூலை என்றால் காலையில் கொத்தை விரலால் இரண்டு சுண்டு சுண்டுங்கள்.

உர விஷயத்தில் நான் இப்போது கஞ்சன். அதிகம் போட்டால் அதிகம் காய்க்கும் என்று நினைத்து நைட்ரஜன் உரத்தை அள்ளிப் போட்டதில் மிளகாய்ச் செடி இடுப்பளவுக்குக் கரும்பச்சையாக வளர்ந்து ஒரு பூ பூக்கவில்லை. பார்ப்பவரெல்லாம் செடி என்ன செழிப்பு என்று பாராட்டினார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கீழே உள்ள கிழட்டு இலை மஞ்சளானால் நைட்ரஜன் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம், செடி பழைய இலையிலிருந்து அதைப் பிடுங்கிப் புதுத்தளிருக்குக் கொடுத்துவிடும். புதுத்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் இரும்புச் சத்து. இரும்பு ஓரிடத்தில் உட்கார்ந்தால் நகராது, அதனால் பற்றாக்குறை முதலில் புது இலைக்குத்தான். பச்சைச் சாணத்தை நேராகச் செடி தூரில் போடுவது வேரைச் சுடும், மட்கட்டும்.

மட்கு செய்வதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே ஒன்று மட்டும். காய்கறித் தோலை மட்டும் டப்பாவில் போட்டு மூடி வைத்தால் அது மட்காது, நாறும். காய்ந்த இலை வேண்டும், நிறைய. அடுக்களைக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த சருகு அளவில் இரண்டு மூன்று பங்கு. வாடை வந்தால் இன்னும் சருகு, எதுவும் நடக்காமல் அப்படியே கிடந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கிளறல். என் டப்பாவை முதல் மாதம் வீட்டில் யாரும் நெருங்கவில்லை, இப்போது மழைபெய்த மண் வாசம் வருகிறது.

பூச்சியில் என்னை மிகவும் வெட்கப்படவைத்தது பொறிவண்டு. அவரைக் கொடியின் கொழுந்தில் அசுவினி. கறுப்பாக, கடுகு அளவில், தண்டே தெரியாமல் அப்பியிருந்தது. அசுவினியின் பெண் பூச்சிக்குப் பெரும்பாலும் ஆண் துணை தேவையில்லை, முட்டையும் இடாது, நேராகக் குட்டி போடும், வெதுவெதுப்பான நாட்களில் அந்தக் குட்டி ஒன்றிரண்டு வாரத்தில் தானே குட்டி போட ஆரம்பிக்கும். தேன்போல அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதை ஆடு மாடு மேய்ப்பதுபோலப் பாதுகாக்கும். செடியில் எறும்பு வரிசையாக ஏறி இறங்கினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தேன், கூடவே இன்னொன்றும் இருந்தது, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு குட்டி முதலை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்த ஏழெட்டுப் பூச்சிகள். பார்க்கவே பயங்கரமாக இருந்ததால் இவைதான் வில்லன் என்று முடிவுகட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கி நசுக்கினேன். பிறகுதான் தெரிந்தது, அவை பொறிவண்டின் புழுக்கள், அசுவினியைத் தின்றுகொண்டிருந்தவை. என் தோட்டத்தில் வேலை பார்க்க வந்தவர்களை நானே அடித்துத் துரத்தியிருக்கிறேன்.

இப்போது அசுவினி என்றால் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கிறேன், பாதி அதிலேயே போய்விடும். மிச்சத்துக்கு ஒரு வாரம் காத்திருக்கிறேன். அப்படியும் பெருகினால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் தண்ணீரோடு கலக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலத்தில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. முதலில் ஒரு இலையில் மட்டும் அடித்துப் பார்த்து, மறுநாள் கருகவில்லை என்றால் மற்றவற்றுக்கு. எலுமிச்சைச் செடியில் மட்டும் ஒரு சலுகை உண்டு. அதன் இலைமேல் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்ததைக் குச்சியால் தள்ளிவிடப் போனேன், அது தலையைத் தூக்கி இரண்டு ஆரஞ்சுக் கொம்பை நீட்டிக் காரமாக ஒரு வாடை அடித்தது. வண்ணத்துப்பூச்சியின் புழு. எச்சம்போல வேஷம் போட்டால் பறவை தின்னாது என்று ஒரு ஏற்பாடு, பெரிதானதும் இலைப்பச்சைக்கு மாறிவிடுகிறது. அந்தச் செடியை அதற்கே விட்டுவிட்டேன், மொட்டையாக நிற்கிறது, மறுபடி துளிர்க்கும்.

இந்த வருடம் முதல் தடவையாகக் கொடி வகை, பாகல். கயிறு கட்டிப் பந்தல் போட்டிருக்கிறேன், பந்தல் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை, நாலு குச்சியும் ஒரு வலையும். மூன்று வாரமாக மஞ்சள் பூவாகப் பூத்துத் தள்ளுகிறது, எல்லாம் உதிர்கிறது. பழைய ஆளாக இருந்தால் உரம் போட்டிருப்பேன், மருந்து அடித்திருப்பேன், கட்டாயம் தண்ணீர் ஊற்றியிருப்பேன். இப்போது ஒவ்வொரு பூவாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாமே ஆண் பூ. பாகல், பூசணி, வெள்ளரி எல்லாவற்றிலும் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி, பொதுவாக முதலில் வருவது ஆண் பூதான், அது ஒருநாள் இருந்துவிட்டு உதிரத்தான் செய்யும். பெண் பூவை அடையாளம் காண்பது சுலபம், பூவுக்குக் கீழே காம்பில் குட்டிக் காய் ஒன்று ஏற்கெனவே இருக்கும்.

நேற்று சாயங்காலம் வலையின் மூன்றாவது கட்டத்தில், இலைக்குப் பின்னால், அப்படி ஒன்றைப் பார்த்தேன். அரை அங்குலம்கூட இருக்காது, ஆனால் பாகற்காயின் முள்ளுமுள்ளான தோல் அதற்குள் முழுசாக வந்திருக்கிறது, நுனியில் மூடிய மொட்டு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "தொடாத, உதிர்ந்துடப் போகுது" என்றார். பூ எப்போது விரியும் என்று தெரியாது, அநேகமாக நாளைக் காலை. தேனீ வரத்து இங்கே குறைவு, அதனால் ஒரு சின்ன ஓவியத் தூரிகையைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், ஆண் பூவில் தடவிப் பெண் பூவில் வைக்க. விடிகாலையிலேயே செய்துவிட வேண்டும், வெயில் ஏற ஏற மகரந்தம் வீரியம் இழக்கும். அலாரம் 5:45-க்கு.